பல்கலைக்கழக மாணாக்கரும் பாடநூல் தெரிவும்

ஒரு துறையிலே முதன்முதலாகப் புகும் மாணாக்கனை வழிதவறாது நடத்திச் செல்வதே பாடநூலின் பணியாகும். அத்துறையின் அறிவனைத்தையும் அடக்கி வைத்திருத்தல் கலைக்களஞ்சியத்தின் பணி. இவ்விரண்டினையும் ஒன்றெனக் கருதுவோர் பருத்த நூலே பயனுள்ள நூல் என மயங்குவர். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே நூலுக்குரிய குற்றங்கள் பத்தினையும் அழகுகள் பத்தினையும் வகுத்துரைத்துள்ளார். சுருக்கம், தெளிவு, முறைவைப்பு, விளக்கமான உதாரணம் என்பன அழகுகளுள் அடங்கும். சொல்லவேண்டியதைக் குறைத்தல், வேண்டாததை விரித்தல், கற்போனை மயங்கச் செய்தல் என்பன குற்றங்களுள் அடங்கும். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வகுக்கப்பெற்ற இவ்வளவைகள் இன்றைய பௌதிகவியல் நூலுக்கும் பொருளியல் நூலுக்கும் பொருந்துவனவே. ஆயினும் இன்று நூல் தெரிவோர் இவற்றோடு வேறு இரண்டினையும் நோக்குதல் வேண்டும். அவை விலையும் மொழியுமாம். மலைநாட்டிலிருந்து பல்கலைக்கழகம் புகும் தமிழ் மாணாக்கர்க்கு இவ்விரண்டுமே முதன்மையான தடைகளாக அமைகின்றன. ராகலை என்னும் ஊரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்தல் தகும்.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாகச் செல்லும் தெருவிலே, தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்தது ராகலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஒடுங்கிய இரும்புப்பாதை ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அப்பாதை இன்று இல்லை. தேயிலையை வெளியே கொண்டு செல்லும் வசதி அவ்வளவு முன்னரே கிடைத்த இப்பகுதிக்குக் கல்வி வசதி அவ்வாறு கிடைக்கவில்லை. 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறம்பாகவே நின்றன. அவற்றை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது 1970களிலும் அதற்குப் பின்னருமேயாம். ஆதலின் இன்று ராகலையைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் செல்வோருட் பலர் தத்தம் குடும்பத்திலே முதன்முதலாக அங்குச் செல்பவராவர். எந்நூலை வாங்குவது, எதனை விடுவது என்று தன் அநுபவத்தாற் சொல்லத்தக்க தமையனோ தமக்கையோ அவர்தம் வீட்டில் இல்லை.

பல்கலைக்கழக அனுமதியிலே நுவரெலியா மாவட்டம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டு அதற்குரிய ஒதுக்கீட்டினைப் பெறுகின்றது. வாயிலிற் புகுவதற்கு இவ்வொதுக்கீடு துணைசெய்யும். புகுந்த பின்னரோ வினாத்தாள் எல்லார்க்கும் ஒன்றே. மேலும், 1980ஆம் ஆண்டு தொடங்கிய இலவசப் பாடநூல் வழங்கல் காரணமாக 1ஆந் தரம் முதல் 11ஆந் தரம் வரை மாணாக்கர்க்கு நூல்கள் கையிலே கொடுக்கப்படுகின்றன. இஃது அளப்பரிய நன்மை என்பதில் ஐயமில்லை. எனினும் இதன்வழி ஒரு குறையும் நேர்கின்றது. பதினொரு ஆண்டுகள் வரை நூலொன்றைத் தெரிவு செய்யும் தேவையே மாணாக்கர்க்கு எழுவதில்லை. உயர்தர வகுப்பிலே குறிப்புக்களும் தனியார் வகுப்புக்களின் அச்சுத்தாள்களுமே பெரும்பான்மையும் கைக்கொள்ளப்படுகின்றன. இவ்வாறு வந்த மாணாக்கரிடம் பல்கலைக்கழகத்தின் முதற்கிழமையிலேயே ஒரு பாடத்திற்கு ஆறும் ஏழுமாக நூற்பெயர்கள் அடங்கிய பட்டியல் தரப்படும்போது, அவற்றை எவ்வாறு மதிப்பிடுவதென அவர் அறியாது திகைப்பது இயல்பே.

இத்திகைப்பினால் விளையும் பொருளிழப்பு சிறிதன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவளவிற்கு உயர்ந்தது. 50 டொலர் விலையுள்ள நூலொன்று 10,000 ரூபாவிலிருந்து 18,000 ரூபாவாயிற்று. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் டொலர் ஏறத்தாழ 300 ரூபாவாக நின்றது. அதே மாதத்தில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இவ்விரண்டினையும் சேர்த்து நோக்கின், 50 டொலர் நூலொன்றின் விலை தாயொருத்தி பதினொரு நாளுக்கு மேலாக மலையேறிக் கொழுந்து பறித்துப் பெற்ற ஊதியத்திற்கு ஒப்பாகும். 1981ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மகாபொல நிதியத்தின் புலமைப்பரிசில் 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தின்படி மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அவ்வுயர்ந்த தொகையிலும் இரண்டு மாதப் பணம் ஒரு நூலுக்கே சென்றுவிடும். அந்நூல் பயன்படாது போயின், உணவிற்கும் விடுதிக்கும் உரிய பணமே வீணாயிற்று என்பது பொருள்.

இவ்விழப்பினைத் தவிர்ப்பதற்கு முதலாவதாக வேண்டுவது நூல்களை அவற்றின் பயன்பாட்டிற்கேற்ப வகைப்படுத்திக் கொள்ளுதலாம். பட்டியலிலுள்ள நூல்கள் மூவகைப்படும். நாடோறும் கையில் வைத்துப் பயிற்சி செய்யவேண்டியன ஒருவகை. கணிதம், புள்ளிவிபரவியல், கணக்கியல் முதலியவற்றின் அடிப்படை நூல்கள் இத்தகையன. ஐயம் நேரும்போது மாத்திரம் எடுத்து நோக்க வேண்டியன இரண்டாம் வகை. அகராதிகளும் பெருந்தொகை நூல்களும் இதனுள் அடங்கும். ஓரிரு அத்தியாயங்களை ஒருமுறை வாசித்தால் அமையும் என்பன மூன்றாம் வகை. முதல்வகை நூலொன்றே வாங்கத்தக்கது. ஏனைய இருவகையும் நூலகத்திற்கு உரியன. எந்நூல் எவ்வகையது என்பதனை முதற்கிழமையில் அறிதல் அரிது. விரிவுரைகள் மூன்று கிழமைகளேனும் நடந்த பின்னர், பாடத்திட்டத்தையும் கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களையும் நூலின் பொருளடக்கத்தோடு ஒப்பிட்டு நோக்கின் அது தெளிவாகும். பொறுத்திருந்து வாங்கும் மாணாக்கர் எதனையும் இழப்பதில்லை.

இரண்டாவதாக வேண்டுவது நூலைப் பரிசோதித்தல். விரிவுரையிலே விளங்காத பகுதியொன்றினைத் தெரிந்துகொண்டு, அதனையே நூலகத்திலுள்ள இரண்டு மூன்று நூல்களில் வாசித்தல் வேண்டும். எந்நூல் ஆசிரியரின் உதவியின்றி அதனை விளங்க வைத்ததோ அந்நூலே அம்மாணாக்கர்க்கு உரிய நூலாகும். புகழ்பெற்ற பேராசிரியர் எழுதியதா, நண்பர் வைத்திருப்பதா என்பன இதற்குப் பின்னர் நோக்கற்பாலன. செய்துகாட்டிய உதாரணங்கள் உளவா, பயிற்சி வினாக்களுக்கு விடைகள் தரப்பட்டுள்ளனவா, இறுதியிற் சொல்லடைவு உண்டா என்பனவும் காணப்படல் வேண்டும். விடுமுறையில் ராகலைக்குத் திரும்பிய மாணாக்கர்க்கு அருகிலிருந்து ஐயந் தீர்ப்போர் அரியர். விடையில்லாத பயிற்சி நூல் அவரிடத்தே பூட்டிய பெட்டி போன்றதே.

சிறிய நூல் தாழ்ந்ததன்று என்பதற்குத் தமிழ்த்துறையிலேயே சான்று உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ் விரிவுரையாளராக விளங்கிய வி. செல்வநாயகம் அவர்களின் 'தமிழ் இலக்கிய வரலாறு' 1951ஆம் ஆண்டு வெளிவந்தது. அளவிற் பெரிதல்லாத அந்நூல் காலப்பகுப்பினைத் தெளிவுற வகுத்து, மாணாக்கர் தலைமுறைகள் பலவற்றிற்குக் கைந்நூலாகப் பயன்பட்டது. அவ்வாறே செங்கை ஆழியான் என்னும் புனைபெயராற் பெரிதும் அறியப்பட்ட க. குணராசா அவர்கள் எழுதிய புவியியல் நூல்கள் உயர்தர மாணாக்கராலும் பட்டப்படிப்பு மாணாக்கராலும் விரும்பிக் கற்கப்பட்டன. இந்நாட்டு மாணாக்கரின் தேவையை நன்கறிந்த ஆசிரியர் எழுதியமையே இவற்றின் பயனுக்குக் காரணம் எனலாம்.

மூன்றாவதாக நோக்கவேண்டியது பதிப்பு. சாமுவெல்சன் எழுதிய பொருளியல் நூல் 1948ஆம் ஆண்டு முதலாவதாக வெளிவந்து, 2009ஆம் ஆண்டளவிற் பத்தொன்பதாம் பதிப்பினை அடைந்தது. சராசரியாக மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு பதிப்பு எனக் கொள்ளலாம். ஆயின் கேள்வி, நிரம்பல் பற்றிய அடிப்படை விதிகள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவனவல்ல. நுண்கணிதம், புள்ளிவிபரவியல், பொறியியல் விசையியல் முதலிய பாடங்களில் பத்தாண்டு பழைமையான பதிப்பும் நன்கு பயன்படும். வினாக்களின் எண்கள் மாறியிருக்கலாமேயன்றிப் பொருள் பெரிதும் மாறாது. சட்டம், வரி, மருந்தியல் முதலிய பாடங்களிலோ பழைய பதிப்பு தீங்கு விளைக்கும். இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. இவ்வாண்டுகளுக்கு முற்பட்ட நூல்கள் எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் அவற்றால் அப்பாடங்களைக் கற்றல் ஆகாது.

இவ்விதிகளை ஓர் உதாரணத்தில் அமைத்துக் காணலாம். முகாமைத்துவம் பயிலும் மாணாக்கரொருவர்க்கு முதலாண்டிலே கணக்கியல், பொருளியல், புள்ளிவிபரவியல், வணிகச் சட்டம் என நான்கு பாடங்கள் உள்ளன எனக் கொள்வோம். நான்கிற்கும் புதிய நூல் வாங்க அவர்க்கு இயலாது; வாங்கவேண்டிய தேவையும் இல்லை. கணக்கியல் நாட்பயிற்சிக்குரியது, இந்நாட்டுக் கணக்கீட்டு நியமங்கள் 2012ஆம் ஆண்டு தொடக்கம் சர்வதேச நியமங்களோடு இணைக்கப்பட்டமையின், அதற்குப் பிற்பட்ட நூலே வேண்டும். பணம் செலவிடத்தக்க இடம் இதுவே. புள்ளிவிபரவியலுக்குப் பழைய பதிப்பொன்றினை மூத்த மாணாக்கரிடமிருந்து பெறலாம். பொருளியல் நூலை அறைத்தோழர் மூவர் பங்கிட்டு வாங்கலாம். வணிகச் சட்டத்திற்கு உரிய சட்டங்களைப் பாராளுமன்றத்தின் இணையத்தளத்தில் விலையின்றிப் பெறலாம். விளக்க நூலை நூலகத்தில் வாசிக்கலாம். நான்கு நூல்களின் விலை இவ்வாறு ஏறத்தாழ ஒன்றரை நூலின் விலையாகக் குறைந்துவிடும்.

இனி மொழித்தடையினை நோக்குவோம். உயர்தரம் வரை தமிழிற் கற்ற மாணாக்கர் மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் முதலிய பீடங்களிற் புகும்போது ஆங்கிலத்திலேயே கற்க நேர்கின்றது. பலர் இடர் தீர்க்கும் பொருட்டுத் தமிழ்நாட்டுத் தமிழ் நூல்களை நாடுவர். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வெளியிட்ட கல்லூரி நூல்கள் பல விரிந்த பயனுடையனவே. ஆயின் இரு நாட்டுக் கலைச்சொற்களும் வேறுபடுதலை முன்னரே அறிந்துகொள்ளல் இன்றியமையாதது. பௌதிகவியல் அங்கே இயற்பியல். இரசாயனவியல் அங்கே வேதியியல். ஆர்முடுகல் அங்கே முடுக்கம். இவை புதிய சொற்களாகையால் மாணாக்கர் எச்சரிக்கையடைவர். ஒரே சொல் இருவேறு பொருள் தரும் இடங்களே இடர் மிக்கன. இலங்கை நூல்களிற் கதி என்பது திசை கருதாத விரைவினையும், வேகம் என்பது திசையோடு கூடிய விரைவினையும் குறிக்கும். தமிழ்நாட்டு நூல்களிலோ திசை கருதாததே வேகம். திசையோடு கூடியது திசைவேகம். இங்கு அமுக்கம் எனப்படுவது அங்கு அழுத்தம் எனப்படும். இங்கு அழுத்தம் என்ற சொல் மின்னியலிலே வேறொரு கணியத்தினைக் குறிக்கும். இவ்வேறுபாட்டினை அறியாதார் நூலிற் பிழையுள்ளது என்றோ தமக்கு அறிவு போதாது என்றோ கருதி வருந்துவர். உண்மையில் அவ்விரண்டும் இல்லை.

இதற்குரிய பரிகாரம் இந்நாட்டின் வரலாற்றிலேயே காணப்படுகின்றது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் அவர்கள் 1860களில் தமிழிற் கற்பிக்கத் தொடங்கி, இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். நூல்களோடு கலைச்சொற்களைத் தொகுத்து அளிக்கவும் அவர் முயன்றார். பிற்காலத்திலே இலங்கை அரசகரும மொழித் திணைக்களமும் நூல்களை மொழிபெயர்த்ததோடு துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. நூலும் சொற்றொகுதியும் இணைந்து செல்லவேண்டும் என்பதே இம்முயற்சிகளாற் பெறப்படும் பாடம். ஆதலின் ஆங்கில வழியிற் கற்கும் மாணாக்கர் எளிய நடையில் அமைந்த சிறிய ஆங்கில நூலொன்றினையும், உயர்தர வகுப்பிலே தாம் பயின்ற தமிழ் நூலினையும் அருகருகே வைத்துக் கற்றல் நன்று. ஒவ்வோர் அத்தியாயத்திற்கும் ஆங்கிலச் சொல், இலங்கைத் தமிழ்ச் சொல், தமிழ்நாட்டுச் சொல் என மூன்று நிரல்களில் தாமே ஒரு சொற்பட்டியல் எழுதிவரின், முதலாண்டு முடிவதற்குள் மொழித்தடை பெரிதும் நீங்கும். ஒரு பக்கத்திற்குப் பத்துமுறை அகராதியைத் திறக்கச் செய்யும் நூல் எவ்வளவு சிறந்ததாயினும் அவ்வாண்டிற்கு உரியதன்று. அடுத்த ஆண்டில் அதுவே ஏற்றதாகலாம்.

விலையைக் குறைக்கும் வழிகளும் சில உள. வெளியீட்டாளர் பலர் ஒரே நூலினை மேலைநாடுகளுக்கு உயர்ந்த விலையிலும் ஆசிய நாடுகளுக்குக் குறைந்த விலையிலும் அச்சிடுகின்றனர். தாய்லாந்திலிருந்து ஐக்கிய அமெரிக்கா சென்ற மாணவரொருவர் தம் நாட்டில் விற்கப்பட்ட மலிவுப் பிரதிகளைத் தருவித்து அங்கு விற்றார். ஜோன் வைலி நிறுவனம் தொடுத்த அவ்வழக்கிலே அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு மாணவர் பக்கமே தீர்ப்பளித்தது. விலை வேறுபாடு எவ்வளவு பெரிதாயின் அவ்வாணிகம் நடந்திருக்கும் என்பது எண்ணற்பாலது. ஆதலின் கடையிலே நூல் கேட்போர் இந்தியப் பதிப்பு உண்டா என வினவுதல் வேண்டும். நிழற்பிரதி எடுப்பதிலோ சட்டத்தின் எல்லையை அறிதல் வேண்டும். 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கற்பித்தல், ஆராய்ச்சி முதலியவற்றிற்கான நியாயமான பயன்பாட்டினை அனுமதிக்கின்றது. அத்தியாயமொன்றினைத் தன் படிப்பிற்காகப் பிரதி செய்தல் வேறு. நூல் முழுவதையும் பிரதி செய்து விற்றல் வேறு.

விலையின்றியே கிடைக்கும் நூல்களும் இன்று உள. ஐக்கிய அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012ஆம் ஆண்டு தொடங்கிய ஓப்பன்ஸ்டாக்ஸ் திட்டத்தின்கீழ் பௌதிகவியல், உயிரியல், பொருளியல், புள்ளிவிபரவியல் முதலிய பாடங்களுக்கு முழுமையான நூல்கள் இணையத்திலே இலவசமாக வழங்கப்படுகின்றன. ஈழத்துத் தமிழ் நூல்களைப் பாதுகாக்கும் பொருட்டு 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தில் அச்சிலில்லாத பழைய பாடநூல்கள் பலவற்றைக் காணலாம். இவற்றைக் கைத்தொலைபேசியில் வாசித்தல் கண்ணுக்கு வருத்தம் தரும். ஆயினும் வேண்டிய அத்தியாயத்தினை மாத்திரம் அச்சிட்டுக் கொள்ளும் வசதி உண்டு. அமெரிக்க நூலின் உதாரணங்கள் அந்நாட்டுச் சட்டத்தையும் நாணயத்தையும் சார்ந்தன என்பதனை மறவாதிருத்தல் வேண்டும்.

இதுவரை கூறியன தனி மாணாக்கர் ஒருவர் செய்யத்தக்கன. ஊரார் கூடிச் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ராகலைப் பகுதியிலிருந்து சென்று பட்டம் பெற்றுத் திரும்புவோரின் நூல்கள் வீட்டு அலுமாரிகளில் அடைந்து கிடக்கின்றன; ஈரலிப்பு மிக்க மலைக்காலநிலையில் அவை பூஞ்சணம் பற்றிப் பழுதடைகின்றன. பாடசாலையிலோ வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ ஓர் அலுமாரியை ஒதுக்கி, அந்நூல்களைத் திரட்டி, புதிதாகச் செல்வோர்க்கு ஓராண்டு இரவலாகக் கொடுத்து மீளப் பெறலாம். ஆறு மாணாக்கர் அடுத்தடுத்துப் பயன்படுத்துவாராயின் 15,000 ரூபா நூலின் செலவு ஒருவர்க்கு 2,500 ரூபாவே ஆகும். நூலைக் கையளிப்போர் அதன் முன்னட்டையின் உட்புறத்தே எந்த அத்தியாயங்கள் பயன்பட்டன, எவை தேவைப்படவில்லை, எப்பகுதிக்கு வேறு நூல் நாடவேண்டும் என எழுதிவைத்தல் வேண்டும். அக்குறிப்பு நூலினும் சிறந்த உதவியாதலும் கூடும். ஏனெனின் வீட்டிலே வழிகாட்ட ஒருவரும் இல்லாத மாணாக்கர்க்கு அதுவே தமையன் தமக்கையரின் சொல்லாக அமையும்.

நூல் தெரிதல் பணமுள்ளோர்க்குப் பொழுதுபோக்காக இருக்கலாம். ராகலை மாணாக்கர்க்கோ அது கல்வியின் ஒரு பகுதியே ஆகும். தமக்கு எது விளங்கவில்லை என்பதை அறிந்து, அதனை விளக்கும் நூலைத் தேடி, அந்நூலையும் பரிசோதித்துக் கொள்பவர் பாடத்தின் பாதியை அப்போதே கற்றவராகின்றார். உயர்தர வகுப்பு ஆசிரியர்கள் பரீட்சை முடிந்த பின்னுள்ள மாதங்களில் இப்பயிற்சியினைத் தம் மாணாக்கர்க்கு அளிப்பாராயின், பழைய மாணவர்கள் தம் நூல்களை அலுமாரியினின்றும் வெளியே எடுப்பாராயின், தாயின் பதினொரு நாளுழைப்பு வீண்போகாது காக்கப்படும்.